தண்ணீர்மலைப் பாதைகள்



ஆயர் ஈத்தாம் என்றால் கறுப்புத் தண்ணீர் என்று பொருள். மலாய் மொழியில் ‘ஆயர்’ என்பது தண்ணீர், ‘ஈத்தாம்’ என்பது கறுப்பு. இதைத் தோட்டத்துப் பிள்ளைகள் எல்லாரும் அறிவார்கள். ஜோகூரில் உள்ள நம் ஊருக்கு இப்பெயர் எப்படி வந்தது என்று பெரியவர்கள் பலவிதமாகக் கதை சொல்வார்கள். கதைகள் ஒருபுறம் இருக்கட்டும். சேற்றுக் காட்டில் விழுந்து மட்கிய இலைகளும் வேர்களும் தண்ணீரில் ஊறினால், தேயிலை ஊறிய வெந்நீரைப் போல அத்தண்ணீர் நிறம் மாறும். குவளையில் அள்ளிப் பார்த்தால் பழுப்பாக இருக்கும். ஓடைக் கரையில் நின்று பார்த்தால் கறுப்பாகத் தெரியும். காடு இருந்த இடத்தில்தான் இத்தகைய தண்ணீர் ஓடும்.

ஆயர் ஈத்தாம் என்ற பெயர் நமக்கு மட்டும் உரியதன்று. பினாங்குத் தீவில் ஓர் ஆயர் ஈத்தாம் உண்டு. சிலாங்கூரில் பூச்சோங் அருகே ஆயர் ஈத்தாம் என்னும் பெயருடைய காடு ஒன்றும் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, பினாங்கு ஆயர் ஈத்தாமுக்குப் பின்னால் நிற்கும் பெரிய மலையையும், அதில் ஏறி இறங்கும் நடைபாதைகளையும் பற்றி. ஒரு பெரிய பட்டணத்தின் முதுகிலேயே இத்தனை காட்டுப் பாதைகள் இருப்பது உலகில் பல ஊர்களுக்குக் கிட்டாத பேறு. பேருந்தை விட்டு இறங்கிச் சற்று நேரம் நடந்தால் பெருமரக் காட்டுக்குள் இருக்கலாம். அந்தப் பாதைகள் எப்படி வந்தன? அந்தக் காடு எப்படி மிஞ்சியது? இவ்விரண்டு கேள்விகளுக்கும் விடை தேடினால் நம்மவர்களின் வரலாறும் கூடவே வருகிறது.

முதலில் ஒரு செய்தி. உங்கள் பாட்டனாரோ பூட்டனாரோ நாகப்பட்டினத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ கப்பலேறி வந்தவராக இருந்தால், இந்த நாட்டில் அவர் கண்ணில் முதன்முதலாகப் பட்ட நிலம் பெரும்பாலும் இந்த மலையாகத்தான் இருந்திருக்கும். 1926 முதல் 1973 வரை ஓடிய ‘ரஜூலா’ கப்பலை அறியாத பழைய தோட்டக் குடும்பம் இல்லை. அந்தக் கப்பல் முதலில் தொட்ட மலாயாத் துறைமுகம் பினாங்கு. பல நாள் வெறும் கடலையே பார்த்துக் களைத்த கண்ணுக்குத் தொலைவில் நீலமாக ஒரு திட்டுத் தெரியும். நெருங்க நெருங்க அது பச்சையாகும். அதன் மிக உயர்ந்த முடி 833 மீட்டர். ‘மலை தெரியுது, ஊர் வந்தாச்சு’ என்று மேல்தளத்தில் கூவியவர்களுக்கு அம்மலையின் பெயர் தெரிந்திருக்க வழியில்லை.

பெயர் தெரிந்த தமிழர்கள் அங்கே முன்பே இருந்தார்கள். அவர்கள் அதன் அடிவாரத்துக்கு ஓர் அழகான பெயரும் வைத்திருந்தார்கள்: தண்ணீர்மலை. வெள்ளையர் அதே இடத்தை அருவியின் பெயரால் அழைத்தார்கள். அங்கே செல்லும் சாலைக்கும் அருவிச் சாலை என்றே பெயரிட்டார்கள். இப்படிப் பல மக்களும் இந்த மலையைத் தண்ணீரை வைத்தே அடையாளம் கண்டார்கள். இது வெறும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

கிழக்கிந்தியக் கும்பினியின் சார்பில் பிரான்சிஸ் லைட் பினாங்கில் கொடியேற்றியது 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு 11ஆம் நாள். அப்போது கடலோரம் முதல் மலைமுடி வரை பெரும்பாலும் காடாக இருந்தது. குடியேறியவர்களைக் காய்ச்சல் வாட்டியது. மலைக்குமேல் காற்று குளிர்ந்திருக்கும், நோய் குறையும் என்று கண்ட வெள்ளையர், லைட்டின் காலத்திலேயே மலைமேல் குதிரை செல்லும் பாதை ஒன்றை வெட்டுவித்தார்கள். மேலே ஸ்ட்ராபெரிப் பழம் பயிரிட்டதாகச் சொல்வார்கள். அக்குன்றுக்கு இன்றும் அப்பழத்தின் பெயரே வழங்குகிறது. நீலகிரியில் ஊட்டியை வெள்ளையர் கண்டு வீடு கட்டத் தொடங்கியது 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான். ஆகவே ஊட்டிக்கு மூத்த மலைவாழிடம் பினாங்கு மலை என்று சொல்லலாம்.

குதிரைப் பாதை என்று எளிதாகச் சொல்லிவிட்டேன். குதிரை நடக்க வேண்டுமானால் யாராவது மரத்தை வெட்ட வேண்டும், வேரைத் தோண்ட வேண்டும், பாறையை உடைக்க வேண்டும், மழைக்காலத்தில் கரைந்துபோகும் மண்ணுக்குக் கல் அடுக்க வேண்டும். துரை குதிரைமேல் போனார். முன்னால் பாரை பிடித்தவர் யார்?

அக்காலத்துப் பினாங்கில் உடலுழைப்புக்கு இருந்த கைகளில் இருவகைத் தமிழர் கைகளும் உண்டு. முதல் வகையினர் சோழமண்டலக் கரையிலிருந்து தாமாகக் கப்பலேறி வந்தவர்கள். 1794இல் லைட் எழுதிய அறிக்கையில் ‘சூலியர்’ என்று இவர்களைக் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ ஆயிரம் பேர் தீவில் குடும்பத்துடன் தங்கியிருந்ததாகவும், ஆண்டுதோறும் 1,300 முதல் 2,000 பேர் வரை வந்து, வணிகமும் எல்லா வகைக் கூலி வேலையும் செய்து, சிறிது பணம் சேர்ந்ததும் ஊர் திரும்பியதாகவும் அதனால் அறிகிறோம்.

இரண்டாம் வகையினர் கைதிகள். சென்னை, வங்காளம், பம்பாய் ஆகிய மாகாணங்களில் தண்டனை பெற்றவர்களைக் கும்பினியார் கடல் கடத்தி அனுப்பினார்கள். 1790ஐ ஒட்டி இது தொடங்கியது. 1796இல் அந்தமான் குடியேற்றத்தைக் கைவிட்டபோது அங்கிருந்த கைதிகளில் எழுநூறு பேர் அளவில் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து கைதிகளை அனுப்புவது 1860இல்தான் நின்றது. இருந்தவர்களுக்கான கைதித் துறையும் 1873இல் கலைக்கப்பட்டது. இடைப்பட்ட எழுபது, எண்பது ஆண்டுகளில் பினாங்கிலும் மலாக்காவிலும் சிங்கப்பூரிலும் சாலை போட்டவர்கள், சதுப்பைத் தூர்த்தவர்கள், செங்கல் அறுத்தவர்கள், கல் உடைத்தவர்கள் பெரும்பாலும் இவர்களே. சிலர் காலில் விலங்கோடு வேலை செய்தார்கள். பல ஆண்டுகள் ஒழுங்காக நடந்துகொண்டால் விலங்கு கழற்றப்படும்; பிறகு சம்பளமும் கிடைக்கும்; கடைசியில் விடுதலைச் சீட்டும் கிட்டும். அப்படி விடுதலையானவர்களில் பலர் ஊர் திரும்பாமல் இங்கேயே குடும்பம் அமைத்துக்கொண்டார்கள்.

எழுதப்பட்ட வரலாற்றில் பாதைகளுக்கு அதிகாரிகளின் பெயர்தான் நிற்கிறது. மலைமேல் காட்டு வழியாக வளைந்து செல்லும் பழைய பாதை ஒன்றுக்கு மோனியோ என்ற நில அளவை அதிகாரியின் பெயர் இருக்கிறது. அவர் கோடு போட்டார். கோட்டைப் பாதையாக்கியவர்கள் வேறு. இதில் நான் மோனியோவைக் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் நிரைக்குக் கயிறு பிடிப்பதும் ஒரு திறமைதான். ஆனால் கயிறு பிடித்தவரின் பெயரோடு குழி தோண்டியவரின் பெயரும் எழுதப்பட்டிருந்தால் நம் பிள்ளைகளின் பாடநூல் இன்னும் கொஞ்சம் தடித்திருக்கும்.

பாதை வந்த பிறகு காட்டுக்கு என்ன ஆயிற்று என்பதை இனிப் பார்க்க வேண்டும். இந்தக் கதை தோட்டத்து மக்களுக்குப் புரிவதுபோல் மற்றவர்களுக்குப் புரியாது.

வழி கிடைத்ததும் பயிர் ஏறியது. கடலோரத்தில் மிளகு, பிறகு சரிவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும். விலை நன்றாக இருந்த நாளில் காட்டை வெட்டித் தீயிட்டு மேலும் மேலும் உயரத்துக்குப் போனார்கள். மழை நாட்டில் சரிவான நிலத்தை மொட்டையடித்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு தோட்டத் தொழிலாளிக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மறுநடவுக்காகப் பழைய ரப்பர் மரங்களைச் சாய்த்த ஆண்டில் நம் ஓடைகள் என்ன நிறத்தில் ஓடும்? பால் கலந்த தேநீர் நிறத்தில் ஓடும். அதற்காகத்தானே சரிவுகளில் படிவரப்பு வெட்டுகிறார்கள், காப்புக்கொடி விதைக்கிறார்கள், நிரைகளுக்கு நடுவே மண் தங்கக் குழி தோண்டுகிறார்கள்? இந்த அறிவு ரப்பர்க் காலத்தில் வந்தது. ஜாதிக்காய்க் காலத்தில் பலருக்கு அது இல்லை.

ஆனால் ஒருவருக்கு இருந்தது. ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன் என்பவர் பினாங்கில் வாழ்ந்த வழக்கறிஞர், பத்திரிகையாசிரியர். 1848ஆம் ஆண்டு, தாம் நடத்திய ஆய்விதழில் அவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பினாங்கின் மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்துவந்தால் தீவின் தட்பவெப்பம் என்னாகும் என்பதே அதன் பொருள். மலைமுடியிலுள்ள காட்டை எரிப்பவன் தன் நிலத்தை மட்டும் கெடுக்கவில்லை. கீழே வாழ்கின்ற அனைவரின் மழையையும் ஊற்றையும் கெடுக்கிறான் என்பது அவருடைய வாதத்தின் சாரம். ‘சுற்றுச்சூழல்’ என்ற சொல்லே பிறக்காத காலம் அது. இன்று நாளேட்டில் அன்றாடம் படிக்கும் செய்தியை ஒருவர் 1848இலேயே எழுதியிருக்கிறார் என்பதை நம் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். லோகன் 1869இல் காலமானார். ஜார்ஜ் டவுன் உயர்நீதிமன்றத்துக்கு அருகே அவருக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அதைக் கடந்து போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கட்டுரையைப் பற்றித் தெரியும்?

லோகனின் வாதத்தைச் சற்று எளிதாக்கிச் சொல்கிறேன். பெருமழை பெய்யும்போது துளிகள் முதலில் உயர்ந்த மரங்களின் இலைகளில் அடிபட்டுச் சிதறுகின்றன. பிறகு நடுத்தர மரங்கள், அதன்பின் புதர்கள், கடைசியில் தரையில் மெத்தைபோல் கிடக்கும் சருகு. சருகு மெத்தை பழைய துணியைப்போல் நீரை உறிஞ்சுகிறது. வேர்களின் வழியே நீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறை இடுக்குகளில் தங்கி, மழையில்லாத நாட்களில் சிறிது சிறிதாகக் கசிகிறது. அதனால்தான் காட்டு ஓடை கோடையிலும் வற்றுவதில்லை. காடில்லாத மலையிலோ பெய்தது முழுவதும் அன்றைக்கே மண்ணையும் வாரிக்கொண்டு ஓடிவிடும். அன்று வெள்ளம், பத்து நாள் கழித்து வறட்சி.

துறைமுகப் பட்டணத்துக்குத் தண்ணீர்தான் உயிர். பினாங்கில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அருவித் தண்ணீரை வாய்க்கால் கட்டி நகரத்துக்கும் கப்பல்களுக்கும் கொண்டுவந்தார்கள். மக்கள் தொகை பெருகப் பெருக அருவியின் மேல் கண் விழுந்தது. இதற்கிடையில் 1860களில் ஜாதிக்காய் மரங்களை நோய் தாக்கி அத்தொழிலே சரிந்தது. கைவிடப்பட்ட சரிவுகளில் காடு மெல்லத் திரும்பியது. 1883இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவர் நத்தானியேல் கான்ட்லி, நீரிணைக் குடியேற்றங்களின் காடுகள் எந்த அளவுக்குக் கெட்டுக் கிடக்கின்றன என்று அறிக்கை எழுதினார். அதன் விளைவாகக் காடுகளை ஒதுக்கிக் காக்கும் ஏற்பாடு வந்தது. அடுத்த ஆண்டு, அதாவது 1884இல், அருவிப் பள்ளத்தாக்கில் பழைய கருங்கல் உடைப்பிடம் இருந்த இடத்திலேயே தாவரப் பூங்கா உருவாயிற்று. சார்ல்ஸ் கர்ட்டிஸ் அதன் முதல் கண்காணிப்பாளர். கல் உடைத்த பள்ளத்தில் பூ மலரச் செய்தவர் என்று அவரைப் போற்றலாம். ஆயினும் 1910 வாக்கில் அந்தப் பூங்காப் பள்ளத்தாக்கையே நீர்த்தேக்கமாக்கிவிடலாம் என்று ஒரு திட்டம் எழுந்தது. பிறகு அது கைவிடப்பட்டது. பூங்காவைவிடத் தண்ணீருக்கு எவ்வளவு மதிப்பு இருந்தது என்பதற்கு இது ஒரு சான்று.

தண்ணீருக்காக இடம் பெயர்ந்தவர்களில் நம் முருகப்பெருமானும் உண்டு. இன்று தைப்பூசத்தன்று இலட்சக்கணக்கானோர் கூடும் தண்ணீர்மலைப் பாலதண்டாயுதபாணி கோயிலின் தொடக்கம் அருவிக்கு அருகில் இருந்த சிறு சன்னிதி. அருவியின் நீர் நகரத்தின் குடிநீருக்கென ஒதுக்கப்பட்டபோது மக்கள் கூட்டம் அங்கே சேர்வதை அதிகாரிகள் விரும்பவில்லை. கோயில் வேறிடத்தில், குன்றின்மேல் எழுந்தது. இப்போதுள்ள புதிய மலைக்கோயிலுக்கு 2012இல் குடமுழுக்கு நடந்தது. அதற்கு ஏறிச் செல்ல 513 படிகள். காவடி எடுத்தவர்கள் வெறுங்காலோடு ஏறுகிற அந்தப் படிகளையும் நான் இந்த மலையின் நடைபாதைகளில் ஒன்றாகவே கணக்கிடுகிறேன். உடற்பயிற்சிக்காக நடப்பவர்கள் அதிகாலையில் அங்கும் ஏறி இறங்குகிறார்கள்.

மலைமேல் வசதியாக வாழ்ந்தவர்கள் நடந்து ஏறவில்லை. கூலியாட்கள் தோளில் சுமந்த நாற்காலியில் ஏறினார்கள். இரயில் வந்த பிறகுதான் அந்தத் தோள்களுக்கு ஓய்வு கிடைத்தது. முதலில் ஒரு முறை இரயில் போட்டுப் பார்த்துத் தோற்றார்கள். இரண்டாம் முயற்சியில் ஜான்சன் என்ற பொறியாளரின் திட்டப்படி, ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பிவடத்தால் இழுக்கப்படும் இரயில் அமைந்தது. 1923ஆம் ஆண்டு அக்டோபரில் மக்கள் அதில் ஏறத் தொடங்கினார்கள். 1924 புத்தாண்டு நாளில் முறையாகத் திறப்பு விழா நடந்தது. அதன் கீழ் நிலையம் இருப்பது ஆயர் ஈத்தாமில். 2010இல் பழைய இரயிலை நிறுத்திவிட்டு, 2011இல் புதிய பெட்டிகளோடு மறுபடி திறந்தார்கள். இரயிலைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்லப் போவதில்லை. சீட்டு வாங்கி உட்கார்ந்தால் அது உங்களை ஏற்றிவிடும், அவ்வளவுதான்.

இரயில் வந்ததால் பாதைகள் அழிந்துவிடவில்லை என்பதே முக்கியம். துரைமார் இரயிலில் போனார்கள். மலைச்சரிவில் காய்கறியும் பழமரமும் வைத்திருந்த சீனக் குடியானவர்கள் கூடை சுமந்து பழைய பாதைகளில்தான் இறங்கினார்கள். தாவரப் பூங்கா வாயிலிலிருந்து மேலே போகும் ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமான ஜீப் பாதை ஒன்று. அதற்குச் சற்று முன்னால், வட்டமாகக் கட்டிய பழைய வாயில் ஒன்றின் வழியே புகும் பாதை மற்றொன்று. அதை நிலா வாசல் என்பார்கள். ஆயர் ஈத்தாம் பக்கத்திலிருந்து ஏறுகின்ற வழிகள் தனி. 1962இல் கட்டிமுடித்த ஆயர் ஈத்தாம் அணைக்கட்டைச் சுற்றியும் காலை மாலை மக்கள் நடக்கிறார்கள். பாதி வழியில் தகரக் கூரை போட்ட ஓய்விடங்களில் ஓய்வுபெற்ற பெரியவர்கள் அடுப்பு மூட்டித் தேநீர் கலக்கித் தருவதுண்டு. விலை கிடையாது, விருப்பமிருந்தால் உண்டியலில் போடலாம். சீனர், மலாய்க்காரர், தமிழர் மூவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வியர்வை துடைப்பதை அங்கே காணலாம். பலகையில் எழுதி ஒற்றுமை கற்பிப்பதைவிட இது எனக்குப் பிடிக்கிறது.

இவ்வளவும் ஒருமுறை போய்விட இருந்தது. 1990இல் பினாங்கு மலையில் பெரிய உல்லாசத் திட்டம் ஒன்றைக் கொண்டுவர மாநில அரசாங்கமும் ஒரு நிறுவனமும் உடன்பாடு செய்தன. பெரிய ஹோட்டல், கேளிக்கைப் பூங்கா, மாடி வீடுகள் எல்லாம் மலைமேல் வரும் என்றார்கள். செய்தி வெளிவந்ததும் நகரத்து மக்கள் விழித்துக்கொண்டார்கள். ‘பினாங்கு மலையின் நண்பர்கள்’ என்ற பெயரில் பல சங்கங்கள் ஒன்று சேர்ந்தன. அவற்றுள் முன்னணியில் நின்றது பினாங்கு பயனீட்டாளர் சங்கம். அதன் தலைவர் எஸ். எம். முகம்மது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வாழ்ந்தவர். 2019இல் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தவர். சங்கத்தார் கூட்டம் போட்டார்கள், கையெழுத்து வாங்கினார்கள், அறிக்கைகளைப் படித்துப் பிழை கண்டார்கள். மலைச்சரிவை வெட்டினால் மண் சரியும், ஓடை கலங்கும், கீழே வெள்ளம் வரும் என்று லோகனின் வாதத்தையே நூற்று நாற்பது ஆண்டுக்குப் பின் மறுபடி சொன்னார்கள். 1991இல் அத்திட்டத்தின் சுற்றுச்சூழல் மதிப்பீட்டு அறிக்கையைச் சுற்றுச்சூழல் துறை ஏற்க மறுத்தது. திட்டம் நின்றது.

கல் எறியாமல், கண்ணாடி உடைக்காமல், தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு வென்ற போராட்டம் இது. எனினும் வென்றது முடிவான வெற்றி என்று எண்ணிவிடக்கூடாது. பினாங்கில் 76 மீட்டருக்கு மேற்பட்ட நிலம் மலை நிலம் என்று திட்ட விதி சொல்கிறது. ஆனால் அதற்குக் கீழே கூட நிலம் சரிவாகத்தான் இருக்கிறது. 2017ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில் ஒரு கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 பேர் புதையுண்டு மாண்டார்கள். பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்த தொழிலாளர்கள். நம் பாட்டனார் வந்ததுபோல் வந்தவர்கள். இரண்டு வாரம் கழித்து, நவம்பர் 4, 5ஆம் நாட்களில், பினாங்கு அதுவரை காணாத பெருமழை கொட்டியது. ஜார்ஜ் டவுன் மூழ்கியது. காடடர்ந்த பினாங்கு மலையிலும் பல இடங்களில் மண் சரிந்தது. ஜீப் பாதை பிளந்தது. பாதைகளை மூடிப் பழுதுபார்க்க நெடுநாள் ஆயிற்று. காடு இருந்தும் இவ்வளவு என்றால், இல்லாமல் இருந்திருந்தால்?

2021ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு பினாங்கு மலையையும் அதைச் சேர்ந்த காடு, கடல் பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. பரப்பு 12,481 ஹெக்டர். இது நாட்டுக்குப் பெருமை. ஆனால் ஒன்றையும் மறைக்கக் கூடாது. இன்று பினாங்கு மக்கள் குடிக்கும் நீரில் பெரும்பகுதி இந்த மலையிலிருந்து வருவதில்லை. கெடா எல்லையில் ஓடும் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறது. அது எந்த மலையில் பிறந்தது என்று யார் கேட்கப் போகிறார்கள்? மலையைத் தண்ணீர் தரும் தாயாகப் பார்த்தவரை மலைக்குக் காவல் இருந்தது. இனி அந்தக் காவலை, தண்ணீர் எடுப்பவர்களைவிட அங்கே நடப்பவர்கள்தான் செய்ய வேண்டியிருக்கும்.

காவல் குறைந்த காட்டுக்கு என்ன நேரும் என்பதற்குப் பூச்சோங் ஆயர் ஈத்தாமைப் பாருங்கள். 1906இல் அதைக் காப்புக்காடாக ஒதுக்கினார்கள். அப்போது 4,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது. பட்டணம் சுற்றிலும் வளர வளரத் துண்டு துண்டாகப் பிரித்தெடுத்து, இன்று எஞ்சியிருப்பது 1,200 ஹெக்டர் அளவே. 1996இல் அதை 80 ஆண்டுக் குத்தகைக்கு விவசாயப் பல்கலைக்கழகத்திடம், அதாவது இன்றைய புத்ரா பல்கலைக்கழகத்திடம், மாணவர் கல்விக்காக ஒப்படைத்ததால் அவ்வளவாவது தப்பியது. சுற்றிலும் இருந்த ரப்பர்த் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அந்த வீடுகளில் இருந்து மக்கள் ஞாயிறு காலையில் அக்காட்டின் ஓரத்துக் குன்றில் ஏறி நடக்கிறார்கள். தோட்டத்து ஒற்றையடிப் பாதை போன இடம் தெரியவில்லை. காட்டுப் பாதை மட்டும் மிச்சம்.

பினாங்கு தொலைவு, பூச்சோங் தொலைவு என்று நேயர்கள் சிலர் எண்ணலாம். ஜோகூர் ஆயர் ஈத்தாமில் இருப்பவர்களுக்கு மலை பக்கத்திலேயே இருக்கிறது. குளுவாங் பட்டணத்தை ஒட்டி நிற்கும் லம்பாக் மலை நமக்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். உயரம் 510 மீட்டர். பினாங்கு மலையைவிடச் சிறியது, ஆனால் செங்குத்து. அடிவாரத்தில் ஓடையும் மரநிழலும் உண்டு. மேலே போகப் போக வேர்களைப் பிடித்து ஏற வேண்டியிருக்கும். இன்னும் தொலைவில் 1,010 மீட்டர் உயரத்தில் பெலுமுட் மலை இருக்கிறது. அது பழகியவர்களுக்கு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு முதலில் அங்கே போகாதீர்கள்.

‘நாங்கள் ஆறு நாளும் மேட்டிலும் பள்ளத்திலும் நடந்துதானே பால் எடுக்கிறோம், ஏழாம் நாளும் ஏன் மலையேற வேண்டும்?’ என்று பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் வற்புறுத்திச் சொல்லவில்லை. பிள்ளைகளை மட்டும் அனுப்புங்கள் என்றேன். செம்பனை நிரைக்குள் பிறந்து வளரும் பிள்ளைக்கு எல்லா மரமும் ஒரே மரம். பத்தடிக்குள் பத்துவித மரம் நிற்கும் இடத்தை அது ஒருமுறையாவது காண வேண்டாமா?

போகிறவர்களுக்குச் சில சொற்கள். காலை ஏழு மணிக்கெல்லாம் ஏறத் தொடங்குங்கள்; நண்பகலுக்குப் பின் மழை வரும், மழையில் பாதை வழுக்கும். தலைக்கு ஒரு போத்தல் தண்ணீர் வேண்டும். அட்டைக்குப் பயந்தால் காலுறையைக் கால்சட்டைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொள்ளலாம். இன்னொன்று மிக முக்கியம்: வளைந்து செல்லும் பாதையில் வளைவை வெட்டிக் குறுக்கே இறங்காதீர்கள். சரிவில் பத்துப் பேர் குறுக்கே இறங்கினால் புல் சாகும். நூறு பேர் இறங்கினால் அது வாய்க்காலாகும். அடுத்த மழைக்கு அந்த வாய்க்கால் பாதையையே அறுத்துவிடும். படிவரப்பு உடைந்த இடத்தில் தோட்டத்தில் என்ன நடக்கிறதோ அதேதான். பாதையை முதலில் வெட்டியவர்கள் அதை ஏன் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார்கள் என்பது, வளைவில் நின்று மழைநீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்தால் தெரியும்.